எண்பது வயதில் ஒத்திகை

1975-இல் லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞரின் தாய் புற்றுநோயில் இறந்தார். அந்த இழப்பை லெர்மன் ஒரு நடனமாக்கினார். சாகப்போகும் பெண்ணை எதிர்கொண்டு அழைத்துப்போக முன்னோர்கள் வர வேண்டும். அந்த வேடங்களுக்கு ஆள் வேண்டும். இருபது வயதுக்காரர்களுக்கு நரைமுடி ஒட்டி ஆடவிட்டால் பள்ளி ஆண்டுவிழா மாறுவேடம் போலத்தான் இருக்கும். வாஷிங்டனில் ரூஸ்வெல்ட் என்ற பழைய ஹோட்டல் அப்போது முதியோர் விடுதியாக இருந்தது. லெர்மன் அங்கே போய் நடன வகுப்பு எடுத்தார். வகுப்புக்கு வந்தவர்களில் சிலரையே மேடையேற்றினார். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய ‘டான்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ குழுவில் வயதானவர்கள் ஆடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

அவர் அங்கே சேவை செய்யப் போகவில்லை. ‘பாவம், பெரியவர்களுக்குப் பொழுது போகட்டும்’ என்ற நினைப்பும் இல்லை. அவருக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தது. மெதுவாகத் தூக்கும் கை, எழுந்து நிற்க எடுக்கும் நேரம், தோலின் சுருக்கம் எல்லாம் அவருடைய படைப்புக்குத் தேவைப்பட்டன. இளையவர்களிடம் அவை கிடைக்காது.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் இப்படிப்பட்ட முயற்சிகள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் என்று பரவிவிட்டன. கலையையே தொழிலாகக் கொண்ட ஒருவர், அதற்குரிய ஊதியம் வாங்கிக்கொண்டு, ஒரு வட்டாரத்து முதியவர்களோடு மாதக்கணக்கில் வேலை செய்வார். முடிவில் நாடகமோ கச்சேரியோ கண்காட்சியோ ஊரார் பார்க்க நடக்கும். பின்னாலேயே மருத்துவர்களும் உளவியலாளர்களும் வந்து சேர்ந்தார்கள். யார் எத்தனை முறை கீழே விழுந்தார், எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார், எவ்வளவு தனிமையாக உணர்கிறார் என்று கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்குகள் காட்டுவது செய்தித் தலைப்புகள் காட்டுவதைவிடக் குறைவு. ஆனால் சுவாரசியம் அதில்தான் அதிகம்.

முதியோர் இல்லங்களில் ‘ஆக்டிவிட்டி டைம்’ என்று ஒன்று உண்டு. ஏற்கெனவே கோடு போட்ட பூப்படமும் கலர் பென்சிலும் கொடுப்பார்கள். யார் எப்படித் தீட்டினாலும் ‘சூப்பர்’ என்று ஒரு பாராட்டு. எண்பது வருஷம் உலகத்தைப் பார்த்தவருக்கு அந்தச் சூப்பரின் மதிப்பு தெரியாதா? தொழில்முறைக் கலைஞர் அப்படிச் சொல்ல மாட்டார். ‘இன்னொரு தடவை பாடுவோம், மூன்றாவது வரியில் சுருதி இறங்குகிறது’ என்பார். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் எதிரில் இருப்பவரால் முடியும் என்று நம்புகிறவர்தான் அப்படித் திருத்துவார்.

இந்த வகை வேலையின் பெரிய உதாரணம் 1987 மே 10 அன்று, அன்னையர் தினத்தில், மினியாபொலிஸ் நகரின் ஒரு வணிகக் கட்டடத்தில் நடந்தது. கலைஞர் சூசன் லேசி ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது; பெயர் ‘கிரிஸ்டல் குவில்ட்’. அறுபது வயதைக் கடந்த 430 பெண்கள் கறுப்பு உடையில் வரிசையாக வந்து, மேசைக்கு நான்கு பேராக உட்கார்ந்தார்கள். மேசைகளுக்கு நடுவே ஓவியர் மிரியம் ஷாபிரோ வடிவமைத்த கோலம். துணித்துண்டுகளை ஒட்டித் தைக்கும் அமெரிக்கப் போர்வையின் வடிவம் அது. மேலே பால்கனிகளில் நின்று பார்த்தவர்களுக்குக் கூடம் முழுதும் ஒரே போர்வையாகத் தெரிந்தது. கறுப்பு மேசைவிரிப்பை அந்தப் பெண்கள் பிரித்ததும் உள்ளேயிருந்த சிவப்பும் மஞ்சளும் வெளிவந்தன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிச் சமிக்ஞை வரும். உடனே எல்லாரும் மேசைமீது கை வைத்திருக்கும் விதத்தை மாற்றுவார்கள், போர்வையின் கோலமும் மாறும். வயதாவதைப் பற்றி அந்தப் பெண்கள் பேசிப் பதிவுசெய்த குரல்கள் கூடமெங்கும் ஒலித்தபடி இருந்தன. உள்ளூர்த் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியது. ஒரு மணி நேர நிகழ்ச்சிதான். அதற்கான தயாரிப்பு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். பின்னாளில் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் இதைக் காட்சிக்கு வைத்தது, ஒரு கலைப்படைப்பு என்ற தகுதியில்.

கலை முதியவர்களுக்கு என்ன செய்கிறது என்பதை மருத்துவக் கேள்வியாக மாற்றியவர் ஜீன் கோஹன் என்ற மனநல மருத்துவர். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் முதுமைக்கான மையத்தின் முதல் தலைவராக இருந்தவர். அந்தக் காலத்து முதுமை ஆராய்ச்சி முழுக்க இழப்புகளின் பட்டியல்: நினைவு குறைகிறது, எலும்பு தேய்கிறது, கண் மங்குகிறது. கோஹன் மறுபக்கத்தைப் பார்த்தார். வயதான பிறகும் புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுகிறவருக்கு ‘இது என் கைக்குள் இருக்கிறது’ என்ற உணர்வு வருகிறது. கூட நாலு பேரும் கிடைக்கிறார்கள். இந்த இரண்டும் உடம்பிலும் தெரிய வேண்டுமல்லவா என்பது அவர் வாதம்.

2001-இல் வாஷிங்டன், புரூக்ளின், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று இடங்களில் ஆய்வு தொடங்கியது. மொத்தம் 300 பேர். பாதிப்பேர் கலைக் குழுக்களில் சேர்ந்தவர்கள், மறுபாதி ஒப்பிட்டுப் பார்க்க. சராசரி வயது 80-ஐ ஒட்டி. நூறு தாண்டியவர்களும் இருந்தார்கள். வாஷிங்டனில் ஒரு தொழில்முறை இசை நடத்துநர் வாராவாரம் பாட்டுப் பயிற்சி கொடுத்தார்; குழு பொதுமேடைகளிலும் பாடியது. ஓராண்டு கழித்து வந்த அந்த ஊர் முடிவுகள் 2006-இல் வெளியாயின. பாடியவர்கள் டாக்டரிடம் போனது குறைவு, மருந்து குறைவு, கீழே விழுந்ததும் குறைவு. தனிமை உணர்வும் தணிந்திருந்தது.

இந்த ஆய்வை இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதிலுள்ள ஓட்டையைப் பலர் சொல்வதில்லை. யார் பாட வேண்டும், யார் சும்மா இருக்க வேண்டும் என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. எண்பது வயதில் ‘நான் பாட வருகிறேன்’ என்று கையைத் தூக்குகிறவர் ஏற்கெனவே தெம்பானவராக இருக்கலாம். அப்படியானால் பாட்டு அவரை நலமாக்கியதா, நலமாக இருந்ததால் பாட வந்தாரா? இந்த வகை ஆய்வுகள் பலவற்றைத் துரத்துகிற கேள்வி இது. லண்டன் ஆய்வாளர்கள் 2019-இல் ஐம்பது வயது தாண்டிய 6,710 பேரின் பதினான்கு ஆண்டுத் தகவல்களை வைத்து, அருங்காட்சியகம், நாடகம், கச்சேரி என்று சில மாதங்களுக்கு ஒருமுறையாவது போகிறவர்களின் இறப்பு அபாயம் 31 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். வசதி, படிப்பு, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்துச் சொன்னதுதான். ஆனாலும் நாடகம் பார்த்தால் ஆயுள் கூடும் என்று இதைப் படிக்கக் கூடாது. ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை.

கோஹன் விட்ட ஓட்டையை அடைக்க முயன்றது சான் பிரான்சிஸ்கோவில் ஜூலீன் ஜான்சன் குழு நடத்திய ஆய்வு. பன்னிரண்டு முதியோர் மையங்கள், 390 பேர். எந்த மையம் உடனே பாடத் தொடங்கும், எது ஆறு மாதம் காத்திருக்கும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. காத்திருப்பவர்களும் பின்னால் பாடப்போகிறவர்களே என்பதால் ஆர்வத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இராது. வாரத்துக்கு ஒருநாள் 90 நிமிடம், தொழில்முறை இசைக்கலைஞர்களின் தலைமையில் பயிற்சி. நடுநடுவே கச்சேரி. பல இன மக்கள் கலந்த நகரம் என்பதால் குழுக்களும் அப்படியே இருந்தன.

2018-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் நினைவாற்றல் கூடவில்லை. உடல் சமநிலையிலோ கால் பலத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மருத்துவச் செலவும் குறையவில்லை. இரண்டே இரண்டு விஷயங்கள் மாறின. தனிமை உணர்வு குறைந்தது, வாழ்வில் நாட்டம் கூடியது.

இதை ஏமாற்றம் என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனிமைக்கு மாத்திரை கிடையாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016-இல் வந்த கட்டுரை ஒன்று, சமூக உறவுகள் குன்றியவர்களுக்கு இதய நோய் அபாயம் 29 சதவீதமும் பக்கவாத அபாயம் 32 சதவீதமும் அதிகம் என்றது. அதுவும் தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. இருந்தாலும் தனிமையை அசைக்கக்கூடிய ஒன்று கிடைத்திருக்கும்போது, ‘ஞாபக சக்தி கூடியதா’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது, கலைக்கு மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொல்வதாக எனக்குப் படுகிறது. நிதி கொடுப்பவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நினைவாற்றல் பக்கமும் கதவு முழுதாக அடைபடவில்லை. நாடகத்தில் ஒரு கீற்று தெரிகிறது. ஹெல்கா நோய்ஸ் உளவியலாளர், அவருடைய கணவர் டோனி நோய்ஸ் நடிகர். பக்கம் பக்கமான வசனத்தை நடிகர்கள் எப்படி மனதில் வைக்கிறார்கள் என்று இருவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நல்ல நடிகர் வரிகளை உருப்போடுவதில்லை என்று தெரிந்தது. ‘இந்தப் பாத்திரம் இந்த இடத்தில் ஏன் இதைச் சொல்கிறது? எதிராளியிடம் எதைக் கறக்கப் பார்க்கிறது?’ என்று துருவுகிறார். ஒரு வரி சொல்லும்போது எழுந்து நிற்கிறார், அடுத்த வரியில் ஜன்னல் பக்கம் நடக்கிறார். அர்த்தம், உணர்ச்சி, உடல் அசைவு மூன்றும் ஒரே முடிச்சில் விழுகின்றன. பின்னால் எந்த நுனியைப் பிடித்து இழுத்தாலும் வரி வந்துவிடுகிறது.

இதையே முதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன? 60 முதல் 86 வயது வரை 124 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு நான்கு வாரம் நடிப்புப் பயிற்சி, இன்னொரு பகுதிக்குக் காட்சிக்கலை வகுப்பு, மூன்றாவது பகுதிக்கு எதுவுமில்லை. மனப்பாட வித்தை எதையும் கற்றுத்தரவில்லை. காட்சிக்குள் உண்மையாக இருக்கப் பழக்கினார்கள், அவ்வளவுதான். 2004-இல் வந்த முடிவில், நடித்தவர்கள் சொற்களை நினைவுகூர்வதிலும் சிக்கல்களைத் தீர்ப்பதிலும் எதுவும் செய்யாதவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். காட்சிக்கலை வகுப்புக்காரர்களின் ஆதாயம் அதைவிடக் குறைவு.

அதற்காக ஓவியத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் பணி ஓய்வு பெற்ற 28 பேரை வைத்து ஒரு சிறு ஆய்வு நடந்தது. பாதிப்பேர் பத்து வாரம் தாங்களே வரைந்தார்கள், மீதிப்பேர் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்து விவாதித்தார்கள். முன்னும் பின்னும் எடுத்த மூளை ஸ்கேன்களில், வரைந்தவர்களுக்கு மட்டும் மூளையின் சில பகுதிகளுக்கு இடையிலான ஒத்திசைவு கூடியிருந்தது; மன உறுதியை அளக்கும் வினாத்தாளிலும் அவர்கள் முன்னேறினார்கள். 28 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஆனாலும் ரசிப்பதும் செய்வதும் மூளைக்கு ஒன்றல்ல என்ற ஊகத்துக்கு அது கொஞ்சம் பலம் சேர்க்கிறது.

எண்களைவிட, பங்கேற்றவர்கள் தங்கள் வாயால் சொன்னது விஷயத்தை நன்றாகப் பிடிக்கிற இடங்கள் உண்டு. கனடாவின் வான்கூவரில் 2006-இல் தொடங்கிய ‘கலை, நலம், மூத்தோர்’ திட்டம் அப்படி ஒன்று. ஒவ்வொரு குழுவிலும் தொழில்முறைக் கலைஞரும் முதியோரோடு பழக்கமுள்ள ஒரு பணியாளரும் சேர்ந்து வேலை செய்தார்கள். சமூகத்தின் ஓரத்தில் இருந்த முதியவர்களைத் தேடிச் சேர்த்தது அந்தத் திட்டம். தன்பாலீர்ப்பு கொண்ட மூத்தவர்கள் எழுத்தும் படமுமாக இயங்கிய ‘குவர்க்-ஈ’ என்ற குழு அங்கே பிறந்ததுதான். பங்கேற்ற 51 பேரை மூன்றாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, ‘என் உடல்நிலை பரவாயில்லை’ என்ற எண்ணம் கூடியிருந்தது. நாள்பட்ட வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஊரோடு ஒட்டிய உணர்வு வளர்ந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் எண்களை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நேர்காணல்களில் அவர்கள் சொன்ன காரணங்களில்தான் சாரம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு ஒழுங்கு வந்தது என்றார்கள். கஷ்டமான வேலையாக இருந்தது என்றார்கள், அதையும் நல்ல விஷயமாகவே. பிறருக்கு ஏதோ கொடுக்க முடிந்தது என்றார்கள்.

கஷ்டமாக இருந்தது நல்லது என்ற அந்தச் சொல், முதியோர் பராமரிப்பு பற்றிய நம் பொதுப்புத்தியை நேராக இடிக்கிறது. ‘உட்காருங்க, நான் எடுத்துத் தரேன்’, ‘இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை’ என்று அன்பாகவே ஒவ்வொரு வேலையாகப் பிடுங்கிக்கொள்கிறோம். கடைசியில் அந்த மனிதரிடம் யாருக்கும் எந்த எதிர்பார்ப்பும் இருப்பதில்லை. ஒத்திகையில் நிலைமை வேறு. கீழ்க்குரல் பாடுகிற ஒருவர் வராவிட்டால் பாட்டில் ஓட்டை விழும். அவர் வந்தே ஆக வேண்டும்.

நினைவே தப்பிப்போனவர்களிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? 1996-இல் மில்வாக்கி நகர முதியோர் இல்லம் ஒன்றில் ஆன் பாஸ்டிங் என்ற நாடகக்காரர் இதில் முட்டிக்கொண்டு நின்றார். டிமென்ஷியா உள்ளவர்களிடம் பழைய நினைவுகளைக் கிளறிப் பார்த்தார். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பத்திரிகையிலிருந்து மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்துக் குதிரைக்காரன் படத்தைக் கிழித்து எடுத்து, ‘ஞாபகப்படுத்த வேண்டாம், கதை கட்டுவோம். இவருக்கு என்ன பேர் வைக்கலாம்?’ என்று கேட்டார். ‘ஃபிரெட்’ என்றது ஒரு குரல். எந்த ஃபிரெட்? ‘ஃபிரெட் அஸ்டேர்.’ பழைய ஹாலிவுட் நடன நட்சத்திரத்தின் பெயர் அது. எங்கே இருக்கிறார்? ஒக்லஹாமாவில். கதை முக்கால் மணி நேரம் ஓடியது. நடுவில் பாட்டும் சிரிப்பும்.

அங்கிருந்து பிறந்த ‘டைம்ஸ்லிப்ஸ்’ முறைக்குச் சில கறாரான விதிகள் உண்டு. சரி தவறு என்று விடை இருக்கிற கேள்வி கேட்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும், அர்த்தமில்லாத ஒலியாக இருந்தாலும், அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வப்போது கதையை முதலிலிருந்து உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ‘நான் யார் தெரிகிறதா? இன்றைக்கு என்ன கிழமை?’ என்று நாள் முழுக்கத் தேர்வெழுதித் தோற்றுக்கொண்டிருப்பவருக்கு, தோற்கவே முடியாத கேள்வி வந்து சேர்கிறது. இருபது பராமரிப்பு இல்லங்களில் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், இந்த முறை நடந்த இல்லங்களின் முதியவர்கள் கூடுதலாக விழிப்போடும் ஈடுபாட்டோடும் இருந்தார்கள். பணியாளர்களும் மாறியிருந்தார்கள்: டிமென்ஷியா உள்ளவர்களைப் பற்றிய அவர்களுடைய மதிப்பு உயர்ந்திருந்தது. பாஸ்டிங் அதோடு நிற்கவில்லை. 2011-இல் ஒடிசி என்ற கிரேக்கக் காவியத்தை, கணவனுக்காக இருபது ஆண்டுகள் வீட்டிலேயே காத்திருந்த பெனலபியின் பக்கமிருந்து சொல்லும் நாடகமாக்கி, மில்வாக்கியின் லூதர் மேனர் முதியோர் வளாகத்திலேயே நடத்தினார். அங்கே வசிப்பவர்கள், பணியாளர்கள், மாணவர்கள், தொழில்முறை நடிகர்கள் எல்லாரும் சேர்ந்த நாடகம். பார்வையாளர்கள் வளாகத்துக்குள் நடந்து நடந்து பார்த்தார்கள். காத்திருப்பதைப் பற்றி அங்கே இருப்பவர்களைவிட அதிகம் தெரிந்தவர் யார்?

ஏன் இதற்கெல்லாம் இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆக வேண்டும்? பிரிட்டனில் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளில் நடந்த ஒரு ஆய்வு இதில் உதவும். வகுப்புக்கு வந்தவர்கள் முதியவர்கள் மட்டுமல்ல, எல்லா வயதினரும். பாட்டு வகுப்புக்காரர்கள் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டார்கள். கைவினை, கதை எழுத்து வகுப்புக்காரர்கள் மெதுவாகத்தான் பழகினார்கள். ஏழாவது மாதத்தில் எல்லா வகுப்பும் ஒரே அளவு நெருக்கத்துக்கு வந்திருந்தது. சேர்ந்து பாடுவது முதல் கூச்சத்தை உடைக்கிறது; அதன் பிறகு உறவை வளர்ப்பது காலம்.

காலம் என்றால் பணம். திட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு நிதியில் ஓடுகின்றன. அது முடிந்ததும் கலைஞர் வருவது நின்றுவிடும். இதில் உள்ள ஆபத்தை ஒரு பழைய ஆய்வு காட்டியிருக்கிறது. 1970-களில் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற உளவியலாளர் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கல்லூரி மாணவர்களை அனுப்பினார். மாணவர் எப்போது வர வேண்டும் என்று தாங்களே முடிவு செய்தவர்களும், எப்போது வருவார் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களும் உடலும் மனமும் தேறினார்கள். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வரவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, அதிகம் தேறிய அந்த இரண்டு குழுவினர்தான் அதிகம் சரிந்திருந்தார்கள், யாருமே வராதவர்களைவிடவும் கீழே. கலைத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குகிற ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த ஆய்வை முதலில் வாசிக்க வேண்டும் என்பேன்.

நீண்டகாலம் ஓடியவையும் இருக்கின்றன. லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் நடன அரங்கில் அறுபது தாண்டியவர்களின் நடனக் குழு 1989 முதல் இயங்கிவருகிறது. ஜப்பானின் சைதாமாவில் இயக்குநர் யுகியோ நினகாவா 2006-இல் ஒரு நாடகக் குழு தொடங்கினார். 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் வரலாம் என்றதும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். உலகப் புகழ்பெற்ற அந்த இயக்குநர் அவர்களைத் தம் மற்ற நடிகர்களைப் போலவே நடத்தினார். குழு பாரிஸ் வரை போய் நடித்தது. 2016-இல் நினகாவா இறந்த பிறகும் தொடர்ந்து, உறுப்பினர்களின் சராசரி வயது 80-ஐ ஒட்டிய நிலையில், 2021 டிசம்பரில் கடைசி நாடகத்தை நடத்திக் கலைந்தது. சான் பிரான்சிஸ்கோ பாட்டுக் குழுக்களை ஆய்வாளர்கள் கைகழுவவில்லை. கூட்டாளியாக இருந்த அந்நகர இசைப் பள்ளி, முதியோர் பாட்டுக் குழுக்களைத் தன் வழக்கமான வகுப்புகளில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது.